“யாழை நெருங்கும் கொடூரக் குளிர், 60 கி.மீ. புயல்” – இந்தச் செய்தியளை எப்பிடிப் பிரிச்சுப் பார்க்கிறது?

நூலகத்தடி கேட்டது:

எங்கட சனசமூக நிலைய வட்ஸ்அப் குழுவில 240 பேர் இருக்கினம். ஐப்பசிக் கடைசியில துவங்கித் தை வரைக்கும் அதில வாறது முழுக்க வானிலைதான். இந்தக் கிழமை வந்ததில ஐஞ்சை மட்டும் அப்பிடியே போடுறன்.

1. “யாழை நோக்கி 60 கி.மீ. வேகத்தில் புயல்!” – யூரியூப் தலைப்பு.
2. “யாழில் வரலாறு காணாத பனிப்பொழிவு” – படத்தில ஊசியிலை மரமும் வெள்ளைப் பனியும்.
3. விண்டி எண்ட வானிலை வரைபடச் செயலியில எடுத்த ஒரு படம், 12 நாள் தள்ளின திகதி, முல்லைத்தீவுக்கு மேல ஊதாச் சுழி.
4. “உணரும் வெப்பநிலை 12 பாகை.”
5. “இரணைமடு வான்கதவு திறப்பு, யாழ்ப்பாணம் மூழ்கும் அபாயம்.”

சும்மா “நம்பாதேங்கோ” எண்டு போட்டால், நாளைக்கு ஏதும் நடந்தால் நீரோ பொறுப்பு எண்டு கேக்கினம். எந்தச் செய்தியை விடலாம், எதை நிப்பாட்டவேணும், எந்த எண்ணைப் பார்த்து முடிவெடுக்கிறது? விசயம் தெரிஞ்ச ஆக்கள் விளக்கமாச் சொல்லுங்கோ.

---

மழைமானி:

முதலாவதும் மூண்டாவதும் என்ர பக்கம்.

அந்த 60 பொய்யில்லை, இடம் மாறின எண். வளிமண்டலவியல் திணைக்களம் தரைக்கு ஒரு அறிக்கையும் கடலுக்கு வேறொரு அறிக்கையும் விடும். கடல் அறிக்கையில கரையைத் துண்டு துண்டாப் பிரிச்சிருப்பினம்: புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரை, காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை வரை எண்டு. வாடை இறுகின நாளில அந்தத் துண்டுகளில 50, 60 எண்டு வாறது புதினமே இல்லை. தலைப்புக்காரர் அந்தக் கடல் எண்ணைத் தூக்கி ஆஸ்பத்திரி வீதிக்கு மேல வைக்கினம். அதோட “இடைக்கிடையே 60 வரை அதிகரிக்கலாம்” எண்ட வசனத்தில “இடைக்கிடையே” காணாமல் போயிடும். நிண்டு வீசுற சராசரிக் காற்று வேற, ஒரு சில செக்கன் அடிச்சிட்டு ஓயிற வீச்சு வேற. சராசரி 40 எண்டால் வீச்சு 60 வரலாம். செய்தியில இருக்கிறது எது எண்டு எழுதாட்டில் அந்த எண்ணால பிரயோசனமில்லை.

மறுபக்கப் பிழையும் நடக்கும். அமெரிக்கக் கடற்படையின்ர எச்சரிக்கை மையம் நொட்டில எழுதும்; ஒரு நொட் 1.85 கி.மீ. “45” எண்டதைப் பார்த்திட்டு 45 கி.மீ.தானே எண்டு இருந்தால் உண்மையில அது 83. அவை எடுக்கிறது ஒரு நிமிசச் சராசரி. இந்திய வானிலைத் துறை மூண்டு நிமிசச் சராசரி எடுக்கும். ஒரே புயலுக்கு இரண்டு எண் வந்தால் ஒருதர் பொய் சொல்லுறார் எண்டு அர்த்தமில்லை.

12 நாள் படம். விண்டியில ஒண்டுக்கு மேற்பட்ட கணினி மாதிரியள், அதாவது வரப்போற வானிலையைக் கணக்குப் போடுற நிரல்கள் இருக்கு. பெயர் திரையில கீழ கிடக்கும். அமெரிக்க மாதிரியான ஜிஎஃப்எஸ் 16 நாளுக்குப் படம் கீறும். கீறுது எண்டதுக்காக 12ஆம் நாள் படத்துக்கும் 2ஆம் நாள் படத்துக்கும் ஒரே பெறுமதி இல்லை. அது நாளைக்கு நாலு தரம் ஓடும். எங்கட நேரத்தில காலை 5.30, 11.30, பின்னேரம் 5.30, இரவு 11.30 நிலைமையை வைச்சுத் துவங்கி, படங்கள் வந்து சேர மூண்டரையிலிருந்து ஐஞ்சு மணித்தியாலம் ஆகும்.

சோதிக்கிறது லேசு. யாராவது அப்பிடிப் படம் போட்டால் அதே திகதியை அடுத்த மூண்டு ஓட்டத்திலயும் பாருங்கோ. ஒண்டில மையம் முல்லைத்தீவில, அடுத்ததில சென்னையில எண்டால் 400 கி.மீ.க்கு மேல விலகல். குடாநாட்டின்ர கிழக்கு மேற்கு நீளமே 100 கி.மீ. வராது. அப்பிடி ஆடுற படத்தில “யாழ்ப்பாணம்” எண்ட பெயரைச் சொல்லவே ஏலாது. பிறகு ஐரோப்பிய மாதிரியையும் பாருங்கோ. இரண்டும் 3 நாளுக்குள்ள ஒரே இடத்தைக் காட்டினால் கதைக்கலாம். 5 நாளுக்கு மேல எண்டால் “வங்காள விரிகுடாவில ஏதோ உருவாகப் பார்க்குது” எண்டு சொல்லலாம், அவ்வளவுதான். ஊதா நிறத்தைக் கண்டு பயப்பிடத் தேவையில்லை; நிறம் எந்த அளவுக்குப் போட்டிருக்கு எண்டு ஓரத்தில உள்ள அளவுப் பட்டியை வாசியுங்கோ.

---

பட்டிவேலி:

இரண்டாவது செய்திக்கு வானிலை தெரியத் தேவையில்லை, தமிழ் தெரிஞ்சால் போதும். எங்களுக்குப் பனி எண்டால் விடியக்காலமை புல்லில நிக்கிறது. “தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்” எண்டது அந்தப் பனியைத்தான். அதே சொல்லை நுவரெலியாத் துகள்பனிக்கும் போடுறாங்கள், சுவிஸில கொட்டுறதுக்கும் போடுறாங்கள். தலைப்பில “பனிப்பொழிவு”, படத்தில சுவிஸ்.

இதில இன்னொரு குழப்பம் இருக்கு. எங்கட ஊரில குளிர் இரண்டு வகை. தை மாசிக் குளிர் வானம் வெளிச்சு, காற்று ஓய்ஞ்ச இரவில வரும். நிலம் சூட்டை விட்டிடும், விடிய 22 பாகையை ஒட்டி நிக்கும், வெயில் ஏறினால் போயிடும். தாழமுக்கக் குளிர் இதுக்கு நேரெதிர். நாள் முழுக்க மப்பு, வடக்கிலயிருந்து இழுக்கிற காற்று, விடாத தூறல், பகல் சூடு ஏறாது. அதில பனியே கொட்டாது. தெர்மோமீற்றரில எண் பெரிசா இறங்காட்டிலும் உடம்பைக் கூடத் தாக்கிறது இதுதான்.

“உணரும் வெப்பநிலை 12” எண்டதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். குளிர் நாடுகளில பாவிக்கிற காற்றுக்குளிர்ச் சூத்திரம் 10 பாகைக்குக் கீழதான் செல்லும். யாழ்ப்பாணத்துக்கு அதைப் போடவே ஏலாது. ஈரப்பதனையும் காற்றையும் சேர்க்கிற அவுஸ்திரேலியச் சூத்திரத்தைப் போட்டால், காற்று வெப்பநிலை 20, ஈரப்பதன் 90 வீதம், காற்று மணிக்கு 36 கி.மீ. எண்டாலும் 16தான் வரும். அதுவும் நிழலில நிக்கிற, நனையாத மனிசருக்கு. 12 எண்டு போட்டவர் எந்தச் சூத்திரத்தில எடுத்தவர் எண்டு கேளுங்கோ, பதில் வராது.

ஆனால் “அப்ப குளிர் ஒண்டுமில்லை” எண்டு விடாதேங்கோ. 2022 மார்கழியில மண்டோஸ் சூறாவளி கடலால போன நாள்களில வடக்கிலயும் கிழக்கிலயும் ஆயிரத்துக்கு மேல மாடுகள் செத்தது. அந்த நேரம் ஊடகம் பிடிச்சது “யாழ்ப்பாணம் உறைகிறது” எண்ட கதையை. இந்தியப் பக்கத்திலயிருந்து வந்த தூசு மூட்டமும் சேர்ந்து, காற்றுத் தரம் கெட்டு, 9ஆம் திகதி நாடு முழுக்கப் பள்ளிக்கூடம் மூடினது. அதையும் பனிமூட்டம் எண்டு நினைச்ச ஆக்கள் இருக்கினம். மாட்டைக் கொண்டது உறைபனியும் இல்லை, தூசும் இல்லை. நனைஞ்ச தோல், காற்று, வெறும் வயிறு: மூண்டும் சேர்ந்தது. குளிர் நாட்டு மாடே, மயிர் காய்ஞ்சிருந்தால் 0 பாகை வரை சமாளிக்கும், நனைஞ்சால் 15 பாகையிலயே உடம்புச் சூட்டைக் காப்பாற்றப் பாடுபடத் துவங்கிடும். எங்கட மாட்டுக்கு மயிர் கட்டை, தோல் மெல்லிசு, மேய்ச்சல் தரையில விட்ட பட்டி மாட்டில கொழுப்பும் கிடையாது. அது 20 பாகையிலயே விழும்.

அதால மாடு வைச்சிருக்கிற ஆக்களுக்குக் குழுவில போடவேண்டியது குளிர் எண் இல்லை, இதுதான்: மழையும் காற்றும் சேர்ந்து ஒரு நாளுக்கு மேல நிக்கும் எண்டு அறிக்கை வந்தால் முதல் நாளே மாட்டைத் திறந்த வெளியில விடாதேங்கோ. கொட்டிலின்ர வடக்கு, கிழக்குப் பக்கத்தை மாட்டின்ர முதுகு உயரம் வரை படங்கால அல்லது கிடுகால மறையுங்கோ. அடியில கல்லு வையுங்கோ, இல்லாட்டில் படங்கு அடிச்சு மாடு வெருளும். கூரைக்குக் கீழ ஒரு முழம் திறந்து விடவேணும். முழுக்க மூடினால் மூத்திர நெடியும் ஈரமும் உள்ள நிண்டு சளி பிடிக்கும். சீமெந்துத் தரையில நாலு விரல் இல்லை, ஒரு சாண் உயரத்துக்குக் காய்ஞ்ச வைக்கல். நனைஞ்சதை அள்ளிப்போட்டுப் புதுசு. தீனில புண்ணாக்கைக் கூட்டிறதை விட வைக்கலைக் கூட்டுங்கோ. நார்த்தீன் வயித்தில புளிக்கேக்கைதான் சூடு வரும். கண்டு போட்டிருந்தால் சாக்கால தேய்ச்சுக் காயவிட்டு, 6 மணித்தியாலத்துக்குள்ள கடும்புப்பால், 20 கிலோக் கண்டுக்கு 2 லீற்றர் கணக்கு. மூடின கொட்டிலுக்குள்ள நெருப்பு மூட்டக் கூடாது. மாட்டின்ர உடம்புச் சூடு வழமையில 38.5ஐ ஒட்டி இருக்கும். 37க்குக் கீழ இறங்கி, எழும்பாமல் கிடந்தால் விடியட்டும் எண்டு பார்க்காமல் மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கோ.

---

முனைக்கரை:

மேல ரெண்டு பேரும் சொன்னது சரி. ஆனால் இந்தக் குழுக்களில இப்ப வேற ஒரு வியாதி: எல்லாத்தையும் “ஊதிப் பெருப்பிச்சது” எண்டு தள்ளிறது. 1964 மார்கழிச் சூறாவளி தனுஷ்கோடியை மட்டும் அடிச்சது எண்டு நினைக்கிறவை மன்னாரையும் தீவுப்பகுதியையும் மறந்திட்டினம். 2008 கார்த்திகையில நிஷா சூறாவளி வந்தது காற்றோட இல்லை, தண்ணியோட.

ஊடகம் பிழை விடுறது அளவில மட்டும் இல்லை, பார்க்கிற இடத்திலயும்தான். புயலுக்குப் பெயர் வைச்சாச்சோ எண்டதே அவங்களுக்குச் செய்தி. பெயர் வைக்கிறது காற்றைப் பார்த்து: சராசரி வேகம் மணிக்கு 62 கி.மீ.ஐத் தொட்டால் புது டில்லியில இருக்கிற மையம், 13 நாடுகள் குடுத்த பட்டியலில அடுத்த பெயரை எடுக்கும். மழை எவ்வளவு எண்டு அதில கணக்கில்லை. 2024 கார்த்திகையில எங்கட பக்கம் வெள்ளம் நிண்டது 26, 27ஆம் திகதியளில; அப்ப அது வெறும் ஆழமான தாழமுக்கம். ஃபெங்கல் எண்டு பெயர் வந்தது 29ஆம் திகதி, புதுச்சேரிப் பக்கம் போகேக்கை. பெயர் வருமட்டும் பார்த்திருந்தவன் வீட்டுக்குள்ள தண்ணி. 2025இல டித்வாவும் காற்றுக் கணக்கில கீழ்ப்படிச் சூறாவளிதான். மலைநாட்டில அவ்வளவு உயிரைக் கொண்டுபோனது மழையும் மண்சரிவும்.

சொல் குழப்பத்தையும் குழுவில ஒருக்கா எழுதிப் போடுங்கோ. தமிழ்நாட்டு ரிவியில தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் எண்டு படி ஏறும். தாழ்வு மண்டலம் 31இலயிருந்து 49 கி.மீ., ஆழ்ந்தது 50இலயிருந்து 61, அதுக்கு மேல புயல். இங்க நாங்கள் முதல் இரண்டு படிக்கும் “தாழமுக்கம்” எண்ட ஒரே சொல்லைத்தான் கதைக்கிறது, நாலாவதைச் சூறாவளி எண்டுறது. அங்க “புயல் சின்னம்” எண்டு சொல்லுறது பல நேரம் முதல் படியைத்தான். இங்க அது “புயல்” எண்டே பகிரப்படும்.

அங்கத்தைய மழை எண் சென்ரிமீற்றரில வரும், இங்க மில்லிமீற்றரில. “நாகப்பட்டினத்தில 21 செ.மீ.” எண்டால் 210 மி.மீ. அவையின்ர சிவப்பு எச்சரிக்கை 204.4 மி.மீ.க்கு மேல, ஒரு நாளில. அது தமிழ்நாட்டு மாவட்டங்களுக்குப் போட்ட நிறம், எங்களுக்கு இல்லை. ஆனால் நாகப்பட்டினம் இங்கயிருந்து நேர்கோட்டில 125 கி.மீ.க்குக் கிட்டத்தான், அதால முற்றாத் தள்ளவும் வேண்டாம். அண்டைக்கு எங்கட திணைக்களத்தின்ர அறிக்கையில வட மாகாணத்துக்கு 100 மி.மீ.க்கு மேல எண்டு இருக்கோ, 150க்கு மேல எண்டு இருக்கோ பாருங்கோ. அந்த ஒரு எண்தான் எங்களுக்கு வேணும்.

அதே 100 மி.மீ.யும் எல்லா மாதத்திலயும் ஒண்டில்லை. ஐப்பசித் துவக்கத்தில சுண்ணாம்புக்கல் வெறுமையாக் கிடக்கும், குடிச்சிடும். கார்த்திகைக் கடைசியில கிணத்தில தண்ணி கட்டு மட்டத்துக்குக் கிட்ட நிக்கும். பிறகு பெய்யிறது போக இடமில்லை. வாய்க்காலில பிளாஸ்ரிக் அடைச்சு, கடலும் ஏறி நிண்டால் இன்னும் மோசம். அப்ப கேக்கவேண்டியது நீரேரித் தண்ணியை வெளிய விடுற தொண்டைமானாறு, அரியாலைக் கதவுகள் திறந்திருக்கோ எண்டு.

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின்ர கதவைத் திறந்தால் யாழ்ப்பாணம் மூழ்காது. அந்தத் தண்ணி கனகராயன் ஆற்றால வடக்க போய் ஆனையிறவு, சுண்டிக்குளம் பக்கத்து நீரேரியில விழும். பயப்பிடவேண்டியது முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கத்து ஆக்கள். உங்கட குழுவில ஆருக்கும் அங்க சொந்தம் இருந்தால் அந்தச் செய்தி அவைக்குப் போகவேணும். யாழ்ப்பாணத்தார் கட்டிலுக்குக் கீழ கல்லு வைக்கத் தேவையில்லை.

---

நூலகத்தடி:

ரொம்ப உதவி. அப்ப குழு விதியா இப்பிடிப் போடலாமோ: எண், அலகு, தரையோ கடலோ, ஆர் விட்டது, எத்தனை மணிக்கு விட்டது. இந்த ஐஞ்சும் இல்லாத செய்தியை அழிக்கிறது.

இன்னொண்டு. “யாழில 300 மி.மீ. கொட்டித் தீர்த்தது” எண்டு போடுறாங்கள், எங்கட ஒழுங்கையில அப்பிடித் தெரியேல்லை. வீட்டில அளக்கிற வழி இருக்கோ?

---

மழைமானி:

விதி சரி. “எத்தனை மணிக்கு” எண்டதை முதலாவதா வையுங்கோ. பரவுற எச்சரிக்கையில பாதி பழசு. சிலது போன வருசத்தது, திகதியை வெட்டிப்போட்டு அனுப்பினது.

அந்த 300 பெரும்பாலும் இரண்டு விதமா வரும். மூண்டு நாள் மழையைக் கூட்டி ஒரு நாளுக்குச் சொல்லியிருப்பினம், அல்லது வேற நிலையத்து அளவைத் தூக்கி யாழ் எண்டு போட்டிருப்பினம். திணைக்களம் காலமை 8.30இலயிருந்து அடுத்த நாள் காலமை 8.30 வரை ஒரு நாள் எண்டு எடுக்கும். யாழ்ப்பாண நிலையம் திருநெல்வேலியில. இரவு 12 தொடக்கம் 12 எண்டு கூட்டினால் எண் ஒத்துவராது.

வீட்டில அளக்க ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் காணும். இடுப்பு ஒடுங்காத, நேரான பக்கம் உள்ள போத்தலாப் பார்த்து எடுங்கோ. கழுத்துக்குக் கீழ, சரிவு முடியிற இடத்தில வெட்டி, மேல் துண்டைக் கவிட்டுப் புனல் மாதிரி உள்ள வையுங்கோ, மூடி வேண்டாம். அடிப்பக்கம் குழிவிழுந்து இருக்கும், அதில நேரா அளந்தால் பிழைக்கும். சின்னக் கூழாங்கல்லைப் போட்டு, பக்கம் நேராகத் துவங்கிற இடம் வரை தண்ணி விட்டு, அந்த மட்டத்தில நிரந்தர மையால கோடு கீறுங்கோ. அது பூச்சியம். அதுக்கு மேல அடிமட்டத்தை ஒட்டுங்கோ, ஒரு மி.மீ. உயரம் ஒரு மி.மீ. மழை. வெயில் நாளில பூச்சிய மட்டம் காய்ஞ்சிடும். மழை இல்லாத நாளிலும் காலமை பார்த்துக் கோட்டுக்கு நிரப்பி விடவேணும்.

வைக்கிற இடம்தான் எல்லாத்தையும் கெடுக்கிறது. வீட்டு ஓரம், பனைக்குக் கீழ, மதிலடி கூடாது. பக்கத்தில 4 மீற்றர் உயர மதில் எண்டால் 8 மீற்றராவது தள்ளி நிக்கவேணும். மொட்டை மாடியில வைச்சால் காற்று துளியை அடிச்சுக்கொண்டு போய் அளவு குறையும். முத்தத்தில, வாய் நிலத்திலயிருந்து ஒரு அடி உயரத்தில வரக்கூடியதா, நாலு செங்கல்லுக்கு நடுவில இறுக்கி வையுங்கோ.

---

கணக்குக்கொப்பி:

மழைமானி அண்ணை சொன்னதில ஒரு சின்னத் திருத்தம். அந்தப் போத்தலில நேரான பகுதி 15 செ.மீ. அளவுதான், புனலும் கொஞ்சத்தைப் பிடிச்சிடும். 100க்கு மேல எண்டு அறிக்கை வந்த நாளில 8.30 மட்டும் விட்டால் வழிஞ்சு, உண்மையில 180 பெய்தாலும் 120 எண்டு எழுதுவீங்கள். அண்டைக்கு மத்தியானமும் படுக்க முதலும் வாசிச்சு, எழுதி, கோட்டுக்கு ஊத்தி, காலமை மூண்டையும் கூட்டுங்கோ.

சனத்துக்கு மி.மீ. விளங்காது, பரப்பில சொல்லுங்கோ. 16 பரப்பு ஒரு ஏக்கர், அப்ப ஒரு பரப்பு ஏறக்குறைய 253 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில 1 மி.மீ. எண்டால் 1 லீற்றர். ஆக 100 மி.மீ. மழையில ஒரு பரப்பு வளவுக்குள்ள விழுறது 25,300 லீற்றர்: ஆயிரம் லீற்றர் தாங்கி இருபத்தைஞ்சு. நாலு பரப்பு வளவு, வாய்க்கால் அடைச்சுக் கிடக்குது எண்டால் நூறு தாங்கித் தண்ணி முத்தத்தில நிக்கப்போகுது. இப்பிடிச் சொன்னால் மம்பெட்டி எடுப்பினம்.

வெப்பநிலை அளக்கிற ஆக்கள் இருந்தால்: தகரத்துக்குக் கீழயும் சீமெந்துச் சுவரிலயும் மாட்டின தெர்மோமீற்றரை வைச்சுத்தான் சித்திரையில “யாழில் 42 பாகை” எண்டு வாறது. நெஞ்சு உயரத்தில, காற்றுப் போய்வாற நிழலில, சுவரில முட்டாமல் தொங்கவேணும். போனில காட்டுறது அளவீடு இல்லை, மாதிரியின்ர கணக்கு, பல கி.மீ. அகலச் சதுரம் ஒண்டுக்குள்ள எங்கட வளவும் கடனீரேரியும் கடலும் சேர்ந்துதான் கிடக்கும். அதே சித்திரையில 33 பாகையும் 65 வீத ஈரப்பதனும் இருந்தால் உடம்புக்கு 41 மாதிரி இருக்கும். அந்த 41ஐயும் வெப்பநிலை எண்டு தலைப்புப் போடுவாங்கள், கவனம்.

---

முனைக்கரை:

ஒண்டு விட்டிட்டன். வெள்ளம் வத்தினாப்போல ஊடகம் போயிடும், அப்பதான் அடுத்தது வரும். 2024 மார்கழியில “மர்மக் காய்ச்சல்” எண்டு தலைப்புப் போட்டது கடைசியில எலிக்காய்ச்சல். வயலுக்கை, வெள்ளத்துக்கை வெறுங்காலோட இறங்கிற ஆக்கள் முதலே பொது சுகாதாரப் பரிசோதகரிட்டக் கேட்டு டொக்சிசைக்கிளின் தடுப்புக் குளிசை எடுக்கலாம். அதையும் குழுவில போடுங்கோ, மழை விட்ட அண்டைக்கே. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின்ர 117 இலக்கத்தை மேல பின் பண்ணி வையுங்கோ.

---

நூலகத்தடி:

பின் பண்ணியாச்சு. போத்தல் மூண்டு வெட்டி வைச்சிருக்கிறம், ஒண்டு நிலைய முத்தத்தில, மற்றது ரெண்டும் ஒழுங்கையின்ர இரண்டு அந்தத்திலயும். 8.30 வாசிப்பை நாளையிலயிருந்து போடுறம்.